கம்பெனியில் படித்த கணக்கு வீட்டுக்கு வரும் வழி

ஓசூர் சிப்காட் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியின் கேன்டீனில் வாரம் இரண்டு நாள் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் எல்லோரிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "வீட்டுல உங்களுக்குப் புரியாத காகிதம் ஏதாவது இருக்கும் இல்லையா, அதை அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்க." பாடப்புத்தகம் என்று ஒன்று கையில் இருந்தது. அதைப் பிரிக்க நேரமே வராது, அவ்வளவு காகிதம் வந்து குவியும். சம்பளச் சீட்டு, கூட்டுறவு சங்கத்து நகைக்கடன் ரசீது, பிள்ளையின் மதிப்பெண் அட்டை, அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, சிட்டா நகல், வீட்டு வரி நோட்டீஸ். ராயக்கோட்டைப் பக்கமிருந்து வரும் ஓர் அக்கா, மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன ஒரு தாளைக் கொண்டுவந்தார். அவர் வீட்டுக்காரர் முன்பு வேலை பார்த்த இடத்துப் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) காகிதம். மூன்று வருடமாக அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்ததாம். "முக்கியமானதுன்னு தெரியும் சார், என்னன்னுதான் தெரியாது" என்றார்.

வகுப்பு கம்பெனி செலவில் நடந்தது. வந்த காகிதங்களில் கம்பெனிக்குச் சம்பந்தப்பட்டவை பாதிகூடத் தேறாது. வேலை செய்யும் இடத்தில் கொடுக்கும் அடிப்படைத் திறன் பயிற்சி தொழிலாளியின் வீட்டுக்கும் ஊருக்கும் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று என்னிடம் கேட்டால், அந்தக் காகிதக் குவியலைத்தான் காட்டுவேன்.

எது அடிப்படைத் திறன்?

பயிற்சி என்றதும் வெல்டிங், சி.என்.சி. மெஷின், தையல் என்று ஞாபகம் வரும். அவை தொழில் திறன். அதற்கும் கீழே ஒரு தளம் இருக்கிறது: படித்துப் புரிந்துகொள்வது, நாலு வரி எழுதுவது, தசமம், சதவீதம், விகிதம், அளவு ஆகியவற்றில் தடுமாறாமல் இருப்பது, செல்போனில் ஒரு படிவத்தை நிரப்புவது, தெரியாததைக் கூச்சப்படாமல் கேட்பது. கடைசியாகச் சொன்னதைப் பல திட்டங்கள் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. என்னைக் கேட்டால் அதை முதலில் வைப்பேன்.

பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கு மட்டுமான வகுப்பு இது என்று நினைக்கிறார்கள். நம் பக்கம் அப்படிப்பட்டவர்கள் குறைவில்லை என்பது உண்மைதான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 80 சதவீதம், தர்மபுரி 68.5 சதவீதத்தோடு மாநிலத்திலேயே கடைசி இடம். 2004 வரை அதே மாவட்டத்தில் இருந்த கிருஷ்ணகிரிக்குச் சுமார் 71. ஆனால் கணக்கெடுப்பில் 7 வயதைத் தாண்டிய ஒருவருக்கு ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் வந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர். அதற்கு மேல் யாரும் சோதிப்பதில்லை. என் வகுப்புக்கு வந்தவர்களில் பலர் எட்டாவதோ பத்தாவதோ முடித்தவர்கள். பஸ் போர்டு படிப்பார்கள், வாட்ஸப் படிப்பார்கள். நோட்டீஸ் போர்டில் "மேற்படி தொழிலாளர்கள் கீழ்க்கண்ட ஆவணங்களைச் சமர்ப்பிக்க" என்று ஆரம்பித்தால் அங்கேயே நின்றுவிடுவார்கள். 0.5 பெரிதா 0.05 பெரிதா என்று கேட்டால், நாளெல்லாம் கேஜ் வைத்து அளக்கும் பையன்கூட ஒரு நொடி கூரையைப் பார்ப்பான்.

மொழிச் சிக்கல் தனி. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள், பள்ளியில் தமிழ் படித்திருப்பார்கள், மெஷின் திரையில் ஆங்கிலம் ஓடும், பக்கத்து லைனில் ஒடிசாப் பையன் இந்தியில் ஏதோ சொல்வான். ஒரு மொழியில் கெட்டிக்காரராக இருப்பவர் இன்னொன்றில் கைநாட்டாக நிற்பார்.

கம்பெனி இதை ஏன் நடத்துகிறது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. ரிஜெக்‌ஷன் குறையும், எச்சரிக்கைப் பலகையைப் படித்தால் விபத்து குறையும், லைனிலிருந்தே ஒருவரைச் சூப்பர்வைசராக ஏற்றலாம். அது அவர்கள் கணக்கு. இனி மற்ற கணக்குகளுக்கு வருவோம்.

ஒரு சம்பளச் சீட்டைப் பிரித்துப் பார்க்கலாம்

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000, மொத்தச் சம்பளம் 14,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். பிடித்தம் 12,000-ல் 12 சதவீதம், அதாவது 1,440. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் 14,000-ல் 0.75 சதவீதம், 105. வேறு பிடித்தம் எதுவும் இல்லையென்றால் கைக்கு 12,455 வரும்.

இதுவரை சொன்னது வெறும் கழித்தல், யாரும் செய்துவிடுவார்கள். சீட்டின் இந்தப் பக்கத்தில் தெரியாத பணம்தான் வகுப்பில் பெரிய பேச்சாகும். நம்மிடம் பிடித்த 1,440-க்கு இணையாக முதலாளியும் 1,440 கட்டுகிறார், அதிலிருந்து 12,000-ல் 8.33 சதவீதம், கிட்டத்தட்ட 1,000 ரூபாய், ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. ஈ.எஸ்.ஐ.க்கு அவர் கட்டுவது 3.25 சதவீதம், 455. "நம்ம 105-ஐ மட்டும்தான் இத்தனை நாளா திட்டிட்டு இருந்தோம்" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

அந்த 105 ரூபாயில்தான் குடும்பம் உள்ளே வருகிறது. ஈ.எஸ்.ஐ. மருத்துவம் தொழிலாளிக்கு மட்டும் என்று நினைத்திருந்தவர்கள் வகுப்பில் பாதிப் பேர். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் உண்டு. பெயரைச் சேர்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சூளகிரிப் பக்கத்து அம்மா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவேயில்லை. முந்தின வருடம் தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கிறார். கார்டு அப்போதும் பர்ஸில்தான் இருந்திருக்கிறது. உடல்நலம் சரியில்லாமல் லீவு போட்டால், விதிப்படி தகுதி இருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் வரை வருடத்துக்கு 91 நாள் கிடைக்கும் என்று சொன்னபோதும் இதே மாதிரி ஓர் அமைதி.

இன்னொரு விஷயம் நாமினி. வேலைக்குச் சேரும் நாளில் பத்துப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், எதில் யார் பெயரைப் போட்டோம் என்று நினைவிருக்காது. கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவர் அம்மா பெயரைப் போட்டிருப்பார், இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன, படிவம் அப்படியே கிடக்கும். பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போதே இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுத் தொகை உண்டு. யாருக்குப் போக வேண்டும் என்பதில் குழப்பம் வந்தால் அலைவது அந்த வீட்டுப் பெண்தான். பெயர் எழுத்துக்கள் வேறு. நாம் இனிஷியல் போடுகிறவர்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பி.எஃப்.பில் ஓர் எழுத்துதான் இருக்கும். மாதம்மாவா மாதம்மாளா? ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் கம்ப்யூட்டருக்கு வேறு ஆள். ஆள் உயிரோடு, வேலையில் இருக்கும்போது இதைத் திருத்துவது எவ்வளவோ சுலபம்.

பேங்க்ல ஒன்பது, ஊர்ல மூணு

சதவீதம் நடத்திய அன்று வட்டியை உதாரணமாக எடுத்தேன். பேங்கில் நகைக்கடன் ஒன்பது சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றதும் ஒருவர் சிரித்தார். "பேங்க்ல ஒன்பது வட்டியா? எங்க ஊர்ல மூணு வட்டிக்கே குடுக்குறாங்க சார்."

அவர் ஏமாளி இல்லை, ஏலத்தில் தக்காளி விலை சொன்னால் மனக்கணக்காகவே லாபம் சொல்கிறவர். பேங்க் சொல்வது வருடத்துக்கு, ஊரில் சொல்வது மாதத்துக்கு என்பதை யாரும் அவருக்குப் பிரித்துக் காட்டியதில்லை. போர்டில் எழுதினோம். 20,000 ரூபாய் கடன். மூணு வட்டி என்றால் மாதம் 600, வருடத்துக்கு 7,200. ஒன்பது சதவீதம் என்றால் வருடத்துக்கே 1,800. நாலு மடங்கு. மூணு வட்டி என்பது 36 சதவீதம்.

கேன்டீனில் சத்தம் அடங்கப் பத்து நிமிடம் ஆனது. அடுத்த வாரம் அவர் வீட்டிலிருந்து இரண்டு கடன் சீட்டுகள் வந்தன. ஒன்றை அடைத்துவிட்டு, இன்னொன்றைக் கூட்டுறவு சங்கத்துக்கு மாற்ற முடியுமா என்று அவர் மனைவி கேட்டனுப்பியிருந்தார். கேள்வியை எழுதி அனுப்பியது அந்த அம்மாதான். வகுப்பில் அவர் இல்லை. கணவன் கொண்டுபோன கணக்கை வீட்டில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, நான் சொல்லாத ஒரு கேள்வியைக் கேட்டிருந்தார்.

நம் பெண்கள் கணக்குக்குப் புதியவர்கள் இல்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தொடங்கியது இதே பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. எழுத்தறிவில் கடைசியில் இருந்த மாவட்டத்தில் சந்தா நோட்டும் கடன் பதிவேடும் பெண்கள் கைக்கு வந்தன. பல கிராமங்களில் பாட்டிமார் கையெழுத்துப் போடப் பழகியது குழுக் கூட்டத்தில்தான். இன்று கம்பெனி வகுப்புக்கு வரும் பெண்களில் சிலர் அந்தப் பாட்டிகளின் பேத்திகள். வட்டியைப் பிரித்து எழுதினால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

கூலன்டும் தக்காளித் தோட்டமும்

எனக்குப் பிடித்த பாடம் விகிதம். மெஷின் சூடாகாமல் இருக்க ஊற்றும் கூலன்ட் கலக்கும்போது ஒரு பங்கு எண்ணெய்க்கு இருபது பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தோம். 40 லிட்டர் தண்ணீருக்கு 2 லிட்டர். 50 லிட்டருக்கு இரண்டரை. அதுவரை கண்ணளவில் ஊற்றியவர்கள் மக்கில் கோடு போட்டு ஊற்றத் தொடங்கினார்கள். கம்பெனிக்குப் பாடம் அத்தோடு முடிந்தது.

பாலக்கோட்டுக்காரர் ஒருவர் மறுவாரம் பூச்சிமருந்து டப்பியின் லேபிளைக் கிழித்து எடுத்து வந்தார். ஷிப்ட் முடிந்து போனால் அவருக்கு அரை ஏக்கர் தக்காளி. லேபிளில் லிட்டருக்கு 2 மி.லி. என்று இருந்தது. அவரிடம் இருப்பது 16 லிட்டர் ஸ்பிரேயர். 32 மி.லி. ஊற்ற வேண்டும். அவர் இரண்டு மூடி ஊற்றிக்கொண்டிருந்தார், அளந்து பார்த்தால் ஒரு மூடிக்கு 25. ஒவ்வொரு டேங்குக்கும் 18 மி.லி. வீண், போதாததற்கு விஷம். "எதுல அளந்தீங்க?" என்றேன். "பாப்பாவோட டானிக் மூடியில சார்." நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். அந்த மூடியை உடனே உடைத்துப் போடச் சொன்னேன். அன்று பாடம் அப்படியே திசைமாறி, டப்பியில் இருக்கும் வண்ண முக்கோணத்துக்குப் போனது: சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை கடைசி. பச்சை என்றாலும் விஷம்தான், பாப்பாவின் மூடிக்கு அது வேண்டாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா, பையிலிருந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை எடுத்தார். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, காலையில்தான் துணை சுகாதார நிலையத்தில் கொடுத்திருந்தார்கள். அவர் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் போட்டுக் கலக்குவாராம். பெரிய பாக்கெட்டை முழுதாகப் பிரித்து 1 லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். டம்ளரில் கண்ணளவாகப் போட்டால், அதிகமானால் உப்பு ஏறிப் பிள்ளைக்கு ஆபத்து, குறைந்தால் பயனில்லை. 200 மி.லி.க்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு. அதனால் பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வழி இல்லை. வீட்டில் லிட்டர் அளவு தெரிய என்ன இருக்கிறது என்று கேட்டேன். குடிதண்ணீர் பாட்டில் என்றார். விகிதப் பாடம் ஒரு மணி நேரத்துக்குள் மெஷினிலிருந்து வயலுக்கும் அங்கிருந்து தொட்டிலுக்கும் போயிருந்தது. இதை எந்த சிலபஸிலும் எழுதி வைக்க முடியாது. ஆனால் காகிதமும் பாக்கெட்டும் கொண்டுவரச் சொல்லாமல் இருந்திருந்தால் விகிதம் கூலன்ட் தொட்டியோடு நின்றிருக்கும்.

மாத்திரைச் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருப்பது காலையும் இரவும், மதியம் வேண்டாம் என்பது பலருக்குப் புதிய செய்தி. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். சுகர், பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எதை எப்போது போட வேண்டும் என்று மாமியாருக்குப் படித்துச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்

அம்மா படித்தால் பிள்ளை படிக்கும் என்று மேடையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பீகாரிலும் ராஜஸ்தானிலும் தாய்மார்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்திக் குலுக்கல் முறையில் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. தாய்மார்கள் கற்றார்கள், பிள்ளைகளின் படிப்பில் அக்கறை காட்டுவதும் கூடியது. பிள்ளைகளின் கணக்குத் திறனில் தெரிந்த ஏற்றம் சிறியது. நான் பார்த்ததும் கிட்டத்தட்ட அதுதான். யாருடைய பிள்ளையும் மறுமாதமே முதல் ரேங்க் வாங்கவில்லை.

மாறியது வேறு. இரவு எட்டு மணிக்கு அம்மாவும் மகளும் ஒரே பாயில் ஆளுக்கொரு நோட்டோடு உட்காருகிறார்கள். மகள் அம்மாவைத் திருத்துகிறாள். பள்ளி வாட்ஸப் குழுவில் வரும் செய்தியைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்ல வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பெண் கல்லூரி போனால் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வரும் என்பதைக் காதில் கேட்டதோடு விடாமல், என்ன காகிதம் வேண்டும் என்று அம்மா விசாரிக்கிறார். பன்னிரண்டாவது முடித்ததும் மாப்பிள்ளை பார்க்கும் வழக்கம் இன்னும் போகாத ஊர்களில், அந்த விசாரிப்புக்குப் பெரிய எடை இருக்கிறது.

ஊருக்கு என்ன?

ஊர் என்று வரும்போது முதலில் நடப்பது மிகச் சாதாரணமானது. படிக்கத் தெரிந்த வீடு என்று பெயர் வந்துவிடும். மகளிர் உரிமைத்தொகைக்கு 2023 ஜூலையில் முதல் விண்ணப்ப முகாமைத் தர்மபுரி மாவட்டம் தொப்பூரில் தொடங்கி வைத்தார்கள். அந்த நாட்களில் எங்கள் வகுப்புப் பெண்கள் தங்கள் தெருவில் பத்துப் பதினைந்து விண்ணப்பங்களுக்கு மேல் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். சிலர் டீ வாங்கிக் கொடுத்ததாகவும் ஒருவர் இருபது ரூபாய் கேட்டதாகவும் கேள்வி. இருபது ரூபாய் கேட்டவரை நான் தப்பு சொல்ல மாட்டேன், கம்ப்யூட்டர் சென்டரில் அதைவிட அதிகம்.

கொஞ்சம் நாள் போனால் கூட்டங்களில் தெரியும். அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். வழக்கமாகத் தீர்மான நோட்டு கைமாறும், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், படிப்பவர் யாருமில்லை. வகுப்புக்கு வந்த ஒரு அண்ணன் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். கழிப்பறை சரிசெய்ததாக எழுதியிருந்தது. "சரி பண்ணலையே டீச்சர்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சண்டை எதுவும் இல்லை, அடுத்த மாதம் ஆள் வந்து சரிசெய்தார்கள். கிராமசபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே வரவு செலவு படிக்கும்போது, நோட்டில் தொகையைக் குறித்துக்கொள்ளும் ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் படிப்பவரின் வேகம் தானாகக் குறையும்.

1990-களில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இதைத் தெருவிளக்கடியில் செய்து பார்த்தது. புதுக்கோட்டையில் எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றது பலருக்கு நினைவிருக்கும். அப்போது வகுப்பு ஊருக்குள் இருந்தது. ஆட்களும் ஊருக்குள் இருந்தார்கள். இப்போது விடியற்காலை கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் ஊர் திரும்புகிறார்கள். ஆட்கள் இருக்கும் இடத்துக்கு வகுப்பு போயாக வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வராமல் நின்றுபோவது

நேரம்தான் முதல் எதிரி. நான் வகுப்பெடுத்த இன்னொரு தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்த பிறகு வகுப்பு என்றார்கள். பஸ் ஐந்தே முக்காலுக்கு, வகுப்பு ஐந்தரைக்கு. பெண்கள் மூன்றாவது வாரமே நின்றுவிட்டார்கள், வீட்டில் அடுப்புக் காத்திருக்கிறது. பிறகு ஷிப்ட் நேரத்துக்குள் மாற்றினார்கள், ஆனால் டார்கெட் இருக்கிற வாரமெல்லாம் வகுப்பு ரத்து. டார்கெட் இல்லாத வாரம் எது என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அங்கே இடமே கிடையாது. சம்பளச் சீட்டு அதிகம் புரியாதவர்கள் அவர்கள்தான்.

அடுத்தது கூலி. பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சு, நேர நிர்வாகம் போன்றவற்றில் பயிற்சி கொடுத்து நடத்திய ஆய்வு ஒன்று பொருளாதார வட்டாரத்தில் பிரபலம். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தி நன்றாகவே உயர்ந்தது. செலவழித்ததைவிட மிக அதிகமாகக் கம்பெனிக்குத் திரும்பக் கிடைத்தது. கூலி ஏறியதோ பேருக்குத்தான். பயிற்சி பெறாமல் அதே லைனில் பக்கத்தில் வேலை செய்தவர்களின் உற்பத்தியும் கொஞ்சம் கூடியது என்பது அதில் இன்னொரு சுவையான விஷயம். திறன் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. ஆனால் பயிற்சி கொடுத்தோம் என்பதைக் கூலி உயர்வுக்குப் பதிலாகக் காட்டும் நிர்வாகத்தைப் பார்த்தால், அந்த ஆய்வை எடுத்து மேசைமேல் வைக்கத் தோன்றும்.

மூன்றாவது, வீட்டுக்குள்ளேயே வரும் முறுக்கு. இதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. ஏ.டி.எம். கார்டு கணவனிடம் இருக்கும், பின் நம்பரும் அவரிடமே. போனில் வங்கி இருப்புப் பார்க்கக் கற்றுக்கொடுத்த வாரத்தில் இரண்டு வீட்டில் சண்டை. "என்னை நம்பலையா" என்பது கேள்வி. ஒருவர் வகுப்பையே விட்டுவிட்டார். இன்னொருவர் அடுத்த வாரம் கணவரையே கூட்டி வந்துவிட்டார். அவரும் அதே கம்பெனியில் வேறு ஷிப்ட். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கு நடத்தும்போது மெல்ல முன்னால் வந்தார். ஓ.டி.க்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டம். அவருக்கு ஒற்றைச் சம்பளம்தான் போட்டிருந்தார்கள்.

தொடங்க நினைத்தால்

கம்பெனி ஹெச்.ஆரில் இருப்பவர்களோ, தொழிற்சங்கத்தில் இருப்பவர்களோ, ஓய்வுபெற்ற ஆசிரியர்களோ இதைப் படித்தால், நான் தட்டுத்தடுமாறிக் கற்ற சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சம்பளத்தோடு கூடிய நேரத்துக்குள் வையுங்கள், வாரம் இரண்டு மணி நேரம் போதும். "எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வரவும்" என்று நோட்டீஸ் போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்; "சம்பளச் சீட்டு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. சந்தேகம்" என்று போட்டால் இடம் போதாது. சூப்பர்வைசரை உட்கார வைக்காதீர்கள், அவர் முன்னால் யாரும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். ஒன்றிய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022-லிருந்து 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக நடக்கிறது. எழுத்திலிருந்தே தொடங்க வேண்டியவர்களுக்கு, அதன் கையேட்டைப் பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ராயக்கோட்டை அக்காவின் காகிதத்தில் பழைய கணக்கு எண் இருந்தது. வீட்டுக்காரரின் யு.ஏ.என்.னோடு (எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத பி.எஃப். எண்) அதை இணைக்க வேண்டும், பெயரில் ஓர் எழுத்து இடித்தது, கூட்டு உறுதிமொழிப் படிவம் கொடுத்து, பழைய கம்பெனிக்கு இரண்டு நடை நடந்து, ஐந்து மாதம் பிடித்தது. நாங்கள் செய்தது முதல் நாள் அந்தக் காகிதத்தை வரிவரியாகப் படித்ததும், அவர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை அவர் கையாலேயே எழுத வைத்ததும்தான். மற்ற நடையெல்லாம் அவருடையது.

ஒரு ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் இருப்பது நல்லது. அசல் காகிதத்தில் யாரையும் பேனா வைக்க விடாதீர்கள். நான் ஒரு முறை ஒரு பட்டா நகலில் அடிக்கோடு போட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆதாரை உங்கள் போனில் படம் எடுக்காதீர்கள். ஓ.டி.பி. வந்தால் அவர்களே படித்து அவர்களே அடிக்கட்டும். இரண்டு நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும்.